சிரிக்கிற ஜோடியின் ஃபைல்

அறையில் நான்கு பேர். வீட்டுக் கடன் புரோக்கர், ஃபோனையும் ஜெராக்ஸ் மிஷினையும் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி, சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போன ஒரு வாடிக்கையாளன், அவன் தலையில் தட்டிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி.

ஐந்து மணிக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாத அலைச்சலும் குப்பைக்கு.

ஆறு புரோக்கர்களை அலசிவிட்டு, கடைசியில் தெருமுனையில் இருந்த இவரைத்தான் அந்த ஜோடி பிடித்தது. காரணம், மனுஷன் வாயைத் திறக்கமாட்டார். ஃபைலில் என்ன இருக்கிறதென்று கட்டின மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை. வீட்டிலும் அதே கதைதான். பதினாறு வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரே "ம்".

"சோபாவ நீயே வச்சுக்கோ," என்றான் வாடிக்கையாளன்.

"ஐயோ, வேண்டாம்ப்பா! உனக்குத்தான் அதுல படுத்தா தூக்கம் வரும். நீயே வச்சுக்கோ."

"அப்ப பெரிய பீரோ உனக்கு."

"சரி, தொலையுது, குடு!" அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

புரோக்கரின் மனைவிக்கு வயிறு எரிந்தது. காகிதம் சிக்கிக்கொண்ட ஜெராக்ஸ் மிஷினை ஒரு குத்து விட்டாள்.

"எப்படி இருக்காங்க பாத்தீங்களா?" என்று கணவரின் காதைக் கடித்தாள்.

"ம்."

ஐந்தடிக்க நான்கு நிமிஷம் இருந்தபோது ஃபோன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். கேட்டாள். கத்தினாள். "பாஸாயிடுச்சு!"

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தான். அவன் பெண்டாட்டி புரோக்கரின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். ஜெராக்ஸ் மிஷின்கூடச் சிக்கிய காகிதத்தைத் துப்பியது.

கையெழுத்தெல்லாம் முடிந்து கிளம்பியபோது, புரோக்கரின் மனைவி வாசலில் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா ரகசியம்? கடன் வாங்க வர்றவங்க மூஞ்சியெல்லாம் இழவு வீடு மாதிரி இருக்கும். நீங்க மட்டும் எப்படி இப்படி?"

"சார் சொல்லவே இல்லையாக்கா? நெஜமாவே கெட்டி ஆளுதான்! நாங்க பிரியறோம். என் பங்குக்குப் பணத்தக் குடுத்துட்டு இவன் வீட்ட வச்சுக்கறான். அதுக்குத்தான் இந்தக் கடன். எட்டு வருஷம் மூஞ்சி குடுத்துப் பேசினதில்ல. பிரியலாம்னு முடிவு பண்ண அன்னைக்குத்தான் சிரிக்கவே ஆரம்பிச்சோம்!"

படியிறங்கிக் கையாட்டிக்கொண்டே அவன் இடப்பக்கம் போனான். அவள் வலப்பக்கம் போனாள்.

புரோக்கரின் மனைவி கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, நம்ம வீட்டுக்கும் ஒரு ஃபைல் போடுங்க."