ஹார்ட் டிஸ்குக்கு வந்த பொட்டு

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கடைக் கம்ப்யூட்டரில் சந்தனப் பொட்டு மானிட்டருக்குத்தான். பெட்டிக்குள்ளே பத்து வருஷமாகச் சுற்றிச் சுற்றி உழைத்த ஹார்ட் டிஸ்குக்கு அதில் ஒரே வயிற்றெரிச்சல். "பல்லைக் காட்டுறது அவன், மண்டை காயுறது நானா?" என்று புலம்பிப் புலம்பியே ஒருநாள் 'கடக் கடக்' என்று இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது.

கடைக்காரர் குபேந்திரன் அதைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்கை மாட்டி, விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினார். காகிதம் பறக்காமலிருக்கப் பழசை மேஜைமேல் வைத்தார்.

அடுத்த ஆயுத பூஜையில் மேஜைமேல் இருந்த சாமான்களோடு அதற்கும் குளிரக் குளிரச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்திப்பூ.

"அண்ணே, வேலை பார்க்கிறது நான்! எனக்கு எங்கே?" என்று உள்ளேயிருந்து கத்தியது புதுசு.

"அவசரப்படாதே தம்பி," என்றது பழசு, பூவுக்கடியிலிருந்து. "முதல்ல செத்து வெளியே வா."