யார் வீட்டு உண்ணி?

"என்னங்க, நம்ம மாட்டை வாங்கிட்டுப் போன ஆட்டுக்காரம்மா வருது!"

மனைவி சொன்னதும் பால்காரருக்குப் பகீரென்றது. விற்று மூன்று நாள்தான் ஆகிறது.

விற்ற அன்று புருஷனும் பெண்டாட்டியும் காலையிலேயே உட்கார்ந்து மாட்டின் மேலிருந்த உண்ணிகளைப் பிடுங்கினார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, குளிப்பாட்டி, பளபளவென்று நிறுத்தினார்கள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு!

"திருப்பி எடுத்துக்கோன்னு சொன்னா என்ன பண்றது?"

"நீ சும்மா இரு. நாம முந்திக்கணும்."

ஆட்டுக்காரம்மா மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, மாட்டுக்குக் காய்ச்சல். டாக்டர் வந்து பார்த்தாரு. காதுக்குள்ள, வாலுக்கடியில எல்லாம் உண்ணின்னு..."

"உண்ணியா? என் மாட்டுலயா?" பால்காரர் எகிறினார். "எல்லாம் உன் ஆடுங்க மேலேருந்து ஏறியிருக்கும். உன் வீட்டு உண்ணிக்கு என் மேல பழி போடுறியா?"

தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மனைவிக்கும் தைரியம் வந்துவிட்டது.

"சுத்தமா வெச்சிருந்த மாட்டை நாசம் பண்ணிட்டு, இங்க வந்து நிக்கிறியே!"

ஆட்டுக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதைத்தாண்ணே நானும் சொல்ல வந்தேன்."

பால்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என் ஆடுங்களாலதான் வந்திருக்கும். டாக்டர் கேட்டப்பவே அப்படித்தான் சொன்னேன். உங்களைக் குறை சொல்ல முடியுமா? ஆனா, அன்னிக்கு மாடு பார்க்க வந்தப்போ உங்க கன்னுக்குட்டியைக் கட்டிப் பிடிச்சுக் கொஞ்சினேன். என் துணியிலேருந்து அதுக்கும் ஏறியிருந்தா? நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல."

பையிலிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். அதில் பாதிதான் இருந்தது.

"டாக்டர் கொடுத்ததுல பாதி. தண்ணியில கலந்து உடம்பு பூரா தடவி விடுங்க."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். பால்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பாட்டிலை வாங்கக் கை நீளவில்லை.

"வாங்கிக்கோங்கண்ணே. அந்தக் கன்னுக்குட்டிக்கு ஏதாவது ஆயிட்டா, உங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"