ஹீட்டர் பிளக்

எளாவூர் ரைஸ் மில் முதலாளி ரங்கசாமியின் டீசல் ஜீப்பைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் மெக்கானிக் அரசப்பன். குளிரில் எஞ்சின் பிடிப்பதற்காகச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். நான்கும் சிவக்கப் பழுத்தன. ஒயரிலும் ஸ்விட்ச்சிலும்கூடக் கோளாறு இல்லை.

எல்லாவற்றையும் மாட்டி, சாவியைத் திருகி, இருபது எண்ணினான். முதல் தடவையிலேயே வண்டி கிளம்பியது.

"வண்டி நல்லாத்தானே கீது? திங்கக்கெழம காலையில மட்டும் இன்னாத்துக்கு ஸ்டார்ட் ஆவல?" என்று கேட்டான்.

டிரைவர் நாகமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கும் நல்லாத்தாம்பா இருந்திச்சு. பிரசவத்துல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல, ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கினு போவணும்னு வந்து கெஞ்சினாங்க. புது சீட்டெல்லாம் கறையாயிடும், ஹீட்டர் பிளக் போச்சின்னு சொல்லிடுன்னாரு மொதலாளி. நானும் சொல்ட்டேன். மத்தியானமே அந்தப் பொண்ணு செத்துப்போச்சாம். ஆமா, ரிப்பேரே இல்லாத வண்டிக்கு உன்ன எதுக்கு வரச்சொன்னாரு?"

அரசப்பன் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"அவரு வரச்சொல்லலண்ணே. நானாத்தான் வந்தேன். அது என் தங்கச்சி."