ஒரு கொசு ஊர் மாறாத கதை

மும்பையிலிருந்து வந்த கொழுத்த கொசு, சென்னையில் இருந்த தங்கையைப் பார்த்துத் திகைத்தது. "ஏன்டீ இப்படி இளைச்சுட்டே?"

"இங்கே ஆளுக்கொரு பைக், அக்கா. பறக்கிறவனை எப்படிக் கடிக்கிறது? இன்னும் ரெண்டு நாள்கூடத் தாங்கமாட்டேன்."

"எங்க ஊர்ல எல்லாரும் ரயில்தான். நெரிசல்ல அடிக்கக் கையைத் தூக்க முடியாது. என்கூட வந்துடு."

இரண்டும் கிளம்பின. வழியில் மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டியிருந்தார்கள். மிச்சமிருந்த சந்தில் நூறு பைக்குகள் அசையாமல் நின்றன. ஒருவனும் கைப்பிடியை விடவில்லை. விட்டால் முன்னாலிருக்கும் இடைவெளியில் இன்னொருவன் நுழைந்துவிடுவான்.

தங்கை வயிறு முட்டக் குடித்தது.

"மெட்ரோ ரயில் ஓட ஆரம்பிச்சுட்டா என்னடீ செய்வே?"

"அடுத்தவனெல்லாம் அதுல போயிடுவான், நமக்கு ரோடு காலியாயிடும்னு ஒவ்வொருத்தனும் சொல்றான், அக்கா. நான் வரலை."