தொட்டிக்குள் மூன்று பேர்

“ஆரடா அது, என்ரை தொட்டிக்குள்ளை?”

மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே சீவரத்தினம் வரம்பில் விறுவிறென்று நடந்து வந்தார்.

அன்று காலையும் அவர் வழக்கம் போலத்தான் எழும்பினார். பல் தீட்டினார். தேநீரை அவரே போட்டுக் குடித்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தார். தூரத்தில் பறைச் சத்தம் கேட்டது. மோட்டரைப் போட்டார். அதன் பிறகு கேட்கவில்லை. வெங்காயப் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றார். மத்தியானம் ஆகும்போது வாய்க்காலில் வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது.

சவர்க்கார நுரை.

கிணற்றடித் தொட்டிக்குள் மூன்று இளைஞர்கள் நின்றார்கள். ஒருவன் குழாயில் கொட்டிய தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்திருந்தான். மற்ற இருவரும் சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். மூவருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை. யார் எவர் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

“ஆமிக்காரரோ? இவ்வளவு வருசமா என்ரை காணியைப் பிடிச்சு முள்ளுக்கம்பி அடிச்சு வைச்சிருந்தது காணாதோ? நான் இளந்தாரியா விட்டிட்டு ஓடின காணி இது. கிழவனாத்தான் திரும்பி வந்தனான். கிணறு நிறையக் கல்லும் தகரமும். அதையெல்லாம் அள்ளிக் கொட்டி, தொட்டி கட்டி, தண்ணியைக் கண்டால், நீங்கள் குளிக்க வந்து நிக்கிறியள்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகத்தில் சிரிப்பு.

“சிரிக்கிறியளோ? நான் ஏசுறன், நீங்கள் சிரிக்கிறியள்! வெங்காயத்துக்குச் சவுக்காரத் தண்ணி போனால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ? உங்கடை கொப்பன்ரை வயலிலை உப்பிடிச் செய்வியளோ?”

சிரிப்பு கூடியது. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கினான்.

சீவரத்தினம் போய் மோட்டரை நிறுத்தினார்.

குழாயடியில் நின்றவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தமிழில் பேசினான். “மன்னிச்சுக்குங்க ஐயா. சவுக்காரம் போட்டது பிழைதான். இந்தத் தண்ணி தோட்டத்துக்குப் போகுதுன்னு இவனுங்களுக்குத் தெரியாது.”

“நீ தமிழனோ?”

“சிலாபம் பக்கம். பேரு கனிசியஸ். வீட்ல ரெண்டு பாசையும் பேசுவோம்.”

“படலை பூட்டிக் கிடந்தது கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“தெரிஞ்சிச்சு. ஏறிக் குதிச்சோம்.”

அந்த நேர்மை அவரை இன்னும் கொதிக்க வைத்தது. “ஏன், காம்பிலை தண்ணி இல்லையோ?”

“காம்புக்குப் பின்னேரம்தான் போவோம் ஐயா. சனி ஞாயிறு லீவு. கடல்ல குளிக்கணும், கள்ளு குடிக்கணும், நண்டுக்கறி சாப்பிடணும்னு ஆசையா வந்தோம். எங்க கூட இருக்கிற நிருஷன்தான் அவன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான்.”

“அந்தப் பேரை என்ரை காணிக்குள்ளை சொல்லாதை!” மண்வெட்டியை நிலத்தில் ஓங்கிக் குத்தினார். “ஊரைத் துரத்தினவங்களின்ரை சட்டையைப் போய் மாட்டினவன். அவனுக்கு ஒரு வீடு, அந்த வீட்டிலை உங்களுக்கு ஒரு விருந்து!”

கனிசியஸின் முகம் மாறியது.

“விருந்து நடக்கல ஐயா. வெள்ளிக்கிழமை நாங்க வந்து இறங்கின அன்னைக்கே நிருஷன்ட அம்மா செத்துட்டாங்க. நண்டு கழுவிக்கிட்டு இருந்தவங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சாங்க. இப்ப சுடலையிலிருந்துதான் வாறோம்.”

சீவரத்தினம் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த வாய்க்காலைப் பார்த்தார்.

“ஊர்க்காரர் வந்தாங்க. கதிரையில இருந்தாங்க, வெத்திலை போட்டாங்க. பாடையைத் தூக்கணும்னதும் ஆளை ஆள் பார்த்தாங்க. ஆமிக்காரன்ட அம்மாவாம்! நிருஷன் கொள்ளிக்குடத்தோட முன்னுக்கு நிக்கிறான், தூக்க ஆள் இல்லை. கடைசியில நாங்க மூணு பேரும் ஓட்டோக்காரர் ஒருத்தரும்தான் தூக்கினோம்.” அவன் குரல் உயர்ந்தது. “தோள் குடுக்கச் சொந்தம்னு ஒருத்தர் வரல. சொந்தம்னா உங்க ஊர்ல என்ன ஐயா?”

“எனக்குப் படிப்பிக்க வராதை.” சத்தம் முன்போல் எழும்பவில்லை. “சுடலைக்குப் போனால் முழுகத்தான் வேணும். அதுக்கு ஊரிலை வேறை கிணறு இல்லையோ? அதுவும் பிணத்தைத் தூக்கின கையோடை வந்து பல்லைக் காட்டிச் சிரிக்கிறியள். வெக்கமாயில்லையோ?”

“வெக்கம்தான். ஆனா நீங்க ஏச ஏச எங்களால அடக்க முடியல.”

மூழ்கியவன் எழும்பி நின்றான். அவன் கண்கள் சிவந்திருந்தன. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“சாய்றதுக்கு முன்னுக்கு அம்மா எங்களுக்கு ஒண்ணு சொன்னாங்க ஐயா. அதுக்குப் பிறகு அவங்க வாய் திறக்கல” என்ற கனிசியஸ், அந்த அம்மாவின் பேச்சிலேயே அதைச் சொன்னான்.

“‘நாளைக்கு என்ரை அண்ணையின்ரை தொட்டிக்குப் போய் ஆசை தீரக் குளியுங்கோ, பிள்ளையள். முதல் நல்லா ஏசுவார். ஏசி முடிய, சாப்பிட்டியளோ எண்டு கேப்பார்.’”