குட்டி உடும்பு லீவுக்குப் போன இடம்

“ஓணானைப் பாக்காதீங்க டீச்சர், பக்கத்துல இருக்கற விரலைப் பாருங்க. அது என் பொண்ணு விரல்.”

உயிரியல் டீச்சர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். பாறைமேல் ஓர் ஓணான். அளவு தெரிவதற்காக அதனருகே ஒரு சின்ன விரல் நீண்டிருந்தது. நகம் சதையோடு ஒட்டக் கடிக்கப்பட்டிருந்தது.

“எத்தனை வாட்டி சொன்னாலும் கடிக்கறத விடமாட்டா,” என்றார் வந்தவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தன.

பள்ளிக்கூடம் முழுக்க டீச்சருக்கு ‘ஓணான் டீச்சர்’ என்றுதான் பேர். லீவுக்குப் போகிறவர்கள் வழியில் கண்ட பல்லி, தவளை, வண்டு எதுவானாலும் படம் பிடித்து அனுப்ப, அது இன்னது என்று பெயர் சொல்வதற்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினார். அங்கே இரண்டு வருஷமாக ‘குட்டி உடும்பு’ என்ற பெயரில் படம் போடும் சிறுமியை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். முகம் பார்த்ததில்லை. அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது.

இந்தப் படத்தின் கீழும் நேற்று எழுதியிருந்தாள்: ‘லீவுக்கு வந்த இடத்துல பார்த்தேன். இது என்ன ஓணான், டீச்சர்?’

“லீவாம் டீச்சர். ஸ்கூல் தெறந்து மூணு வாரமாச்சு.” வந்தவரின் குரல் உடைந்தது. “என் மனைவிக்கு மனசு சரியில்ல. சொல்லாம கொள்ளாம பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா. போலீஸ், ஆஸ்பத்திரி, சொந்தக்காரங்க வீடு, ஒரு இடம் பாக்கியில்ல. நாப்பது நாளா நான் கண்ணை மூடல.”

ஆசிரியர்கள் அறையில் இருந்த இன்னொருவர் கணக்கு வாத்தியார். திருத்திக்கொண்டிருந்த பேப்பரை மூடிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வந்தவர் அதைக் கையில் வாங்கினாரே தவிர, குடிக்கவில்லை.

“நான் வேணா அவகிட்டயே கேக்கறேன்,” என்றார் டீச்சர். “எங்க இருக்கே கண்ணுன்னு நான் கேட்டா சொல்லிடுவா.”

“ஐயையோ, வேண்டாம் டீச்சர். கேட்டா அவங்கம்மா உஷாராயிடுவா. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வேற எங்கயாவது போயிட்டா நான் எங்கேன்னு தேடுவேன்? இந்த ஓணான் எந்த ஊருதுன்னு மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

டீச்சருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. பார்த்த இடத்தை யாருக்கும் சொல்வதில்லை என்பது அந்தப் பக்கத்தின் விதி, எழுதியவரே அவர்தான். சொன்னால் மறுநாளே ஓணான் பிடித்து விற்கிறவன் சாக்கோடு போய் நின்றுவிடுவான்.

“சட்டம் பேசற நேரமா டீச்சர் இது?” என்றார் கணக்கு வாத்தியார் மெல்ல. “மனுஷனைப் பாருங்க. இன்னும் ரெண்டு நாள் போனா விழுந்துடுவாரு.”

மனசு சரியில்லாத தாய். பாறையும் பள்ளமுமான இடம். கூட ஒன்பது வயசுப் பிள்ளை. விதியாவது ஒன்றாவது என்று டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார்.

தொண்டையில் நீலம். அதன் ஓரத்தில் நூல் பிடித்தாற்போல் மஞ்சள் கோடு. அப்படிப்பட்டது இரண்டே மலைகளில்தான் உண்டு. ஆனால் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. தப்பாகச் சொன்னால் இந்த மனுஷனுக்கு ஒரு நாள் போய்விடும், அதற்குள் அங்கே என்ன ஆகுமோ.

இரண்டையும் பிரித்துச் சொல்ல முதுகு முள்தான் வழி. ஒவ்வொன்றாக எண்ணினார். சந்தேகம் தீராமல் மறுபடி எண்ணினார். பதினொன்று.

“தெற்கு,” என்று நிமிர்ந்தார். மலையின் பெயரைச் சொன்னார், எந்த பஸ் என்று சொன்னார். “மேல ஒரே ஒரு விடுதிதான் இருக்கு. வேற எங்கயும் தங்க முடியாது. இப்பக் கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்.”

வந்தவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். போய் வருகிறேன் என்று சொல்லக்கூட நிற்காமல் ஓடினார்.

“இத்தனை வருஷம் ஓணான் பின்னால அலைஞ்சதுக்கு இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கேன்,” என்றார் டீச்சர். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கணக்கு வாத்தியாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அன்று டீச்சருக்குப் பாடம் நடத்தவே ஓடவில்லை. சந்தோஷத்தை வாயில் அடக்கி வைக்க முடியாமல் தவித்தார். மூன்றரை மணிக்கு, பஸ் மலையடிவாரத்துக்குப் போயிருக்கும், இனிமேல் தாய்க்குத் தெரிந்தாலும் பாதகமில்லை என்று கணக்குப் போட்ட பிறகுதான் போனை எடுத்தார். எழுதப் பொறுமையில்லாமல் பேசியே அனுப்பினார்.

“குட்டி உடும்பு, உன் ஓணானுக்குப் பேரு கண்டுபிடிச்சாச்சு. அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒண்ணு சொல்லட்டுமா? அப்பா உன்னைப் பாக்க வந்துட்டே இருக்காரு கண்ணு.”

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது, அதுவும் குரலாகவே. இரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளையின் குரலை டீச்சர் கேட்பது இதுதான் முதல் தடவை. ஆசையோடு காதில் வைத்தார். முதலில் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு நாற்காலி ஒன்று உருண்டு விழுந்தது. சிறுமி பேசியது டீச்சரிடம் அல்ல.

“அம்மா, எந்திரிம்மா, பெட்டிய எடு... அப்பா மறுபடியும் கண்டுபிடிச்சிட்டாரு.”