ஈரம் காயும் வரை

"ஏங்க, முதல்ல உப்புத்தாள். மூக்குல ஆரம்பிங்க. அங்கதான் பிசிறு அதிகம்."

பட்டறைக்காரி தன் புருஷனுக்குக் காட்டிய மூக்கு பல் டாக்டருடையது.

நாடகக் கொட்டகைக்கு அனுப்புவதற்காக நிறுத்தியிருந்த ஆளுயர மரச் சிப்பாய்களின் வரிசையில் அவரும் நின்றார். பெரும்பாலானவர்களுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளை ப்ரைமர். அவருக்கும்தான், வாளியிலிருந்து தானே அள்ளிப் பூசிக்கொண்டது.

வேறு போக்கிடமில்லை. ஊரே நடுங்கும் ரவுடி புல்டோசருக்கு, சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். மரத்துப்போன கன்னம் விழித்துக்கொண்டதும் அவனுக்கு விஷயம் புரிந்தது. கிளினிக்கில் இருந்த குறடும் கையுமாக அவன் இவரைத் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தான். இவருக்கு வாய் நிறையப் பல் இருந்தது.

"அழுத்தித் தேய்க்காதீங்க. கைக்குழந்தைக்கு மூஞ்சி துடைக்கிற மாதிரி."

"நம்ம பிள்ளைக்கே நான் துடைச்சதில்லையே" என்றான் புருஷன்.

"அதான் தெரியுதே. இப்ப ஈரத்துணியால தூசியை எடுங்க. தூசி மேல அடிச்சா பெயின்ட் உரிஞ்சு வந்துடும்."

தூசி மூக்குக்குள் போய், தும்மல் வாசல்வரை வந்து நின்றது. டாக்டர் நாக்கை அண்ணத்தில் அழுத்தி அதைத் திருப்பி அனுப்பினார்.

"அக்ரிலிக் பெயின்ட்ல சொட்டுத் தண்ணி விடுங்க. மெல்லிசா ஒரு கோட்டு. நல்லா காஞ்சப்புறம் இன்னொண்ணு. சுவத்துக்கு அடிக்கிற மாதிரி அப்பிடாதீங்க, செதுக்கினதெல்லாம் மூழ்கிடும்."

"இவன் மட்டும் ஏண்டி தொப்பையா இருக்கான்?"

"மழையில நனைஞ்ச மரமா இருக்கும். உங்க வேலையைப் பாருங்க."

கன்னத்தில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தபோது கதவு உதைபட்டுத் திறந்தது.

"பல் டாக்டர் இங்க வந்தானா?"

புல்டோசர். ஒரு கன்னம் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"பொம்மைங்கதாண்ணே இருக்கு" என்றாள் அவள்.

அவன் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தான். டாக்டரின் முன்னால் நின்றான்.

"இவன் மூஞ்சியை எங்கயோ பாத்திருக்கேனே."

குறடு மெல்ல உதட்டருகே வந்தது. டாக்டரின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி கிளம்பி, புதுச் சிவப்பில் கோடு போட்டபடி இறங்கியது.

"தொடாதீங்கண்ணே, ஈரம். உங்க சட்டையில பட்டுக் காஞ்சுதுன்னா எந்த சோப்புக்கும் போகாது."

புல்டோசர் தன் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தான். டாக்டரை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு, கதவைச் சாத்தாமலே போய்விட்டான்.

"இது காயட்டும். வாங்க, டீ குடிச்சிட்டு வந்து ரெண்டாவது கோட்டு அடிக்கலாம்."

அவர்களும் போய், செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகுதான் டாக்டர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

வரிசை முழுக்க மூச்சு விட்டது.

"புதுசா வந்தவரா?" என்றார் பக்கத்துச் சிப்பாய், உதடு அசையாமல். "நான் அவனுக்கு மீசையில ஒரு பக்கம் கூடுதலா எடுத்துட்டேன். எனக்கு அடுத்தவர் அவனை டிரைவிங் டெஸ்ட்ல ஃபெயில் பண்ணினவர். அதோ, கடைசியில வார்னிஷ் வரைக்கும் அடிச்சு நிக்கிறாரே, பாவம், அவர்தான் அவனுக்குப் பொண்ணு குடுத்தவர்."